வாடகை வாங்கியே ஏழைகளை வாழவைத்த அம்மையார்

லண்டன் சந்துகளைச் சீர்திருத்திய ஆக்டேவியா ஹில்

வாடகை கேட்டு வருகிறவரை யாரும் முகமலர்ந்து வரவேற்பது இல்லை. முதல் தேதி பிறந்தால் வீட்டுக்காரர் வந்துவிடுவாரே என்ற கவலைதான் பல குடும்பங்களுக்கு.

ஆனால், லண்டன் நகரில் ஒரு பெண்மணி வாரம் தவறாமல் வாடகை வாங்கினார். பாக்கி வைக்க விடமாட்டார். இனாமாக யாருக்கும் பணம் கொடுக்கமாட்டார். ஆனாலும் ஏழைகள் அவரைத் தங்கள் துணையாக நினைத்தார்கள்!

அவர் பெயர் ஆக்டேவியா ஹில். ஏழைகள் குடியிருக்க நல்ல வீடு வேண்டும், அதன் வாடகை அவர்களால் கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே சுமார் 47 ஆண்டுகள் உழைத்தவர் அவர்.

எட்டாவது பெண்

இங்கிலாந்து நாட்டில் விஸ்பீச் என்று ஓர் ஊர். அங்கே 1838ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி ஆக்டேவியா பிறந்தாள். தந்தை ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி. வங்கியும் நடத்தினார். அவருக்கு அவள் எட்டாவது பெண். லத்தீன் மொழியில் எட்டு என்ற பொருள் வரும்படி ஆக்டேவியா என்று பெயர் வைத்தார்கள்.

குடும்பம் செல்வாக்காக இருந்தது. ஆனால், அந்தச் செல்வாக்கு நீடிக்கவில்லை. 1840ஆம் ஆண்டில் தந்தை திவால் ஆனார். சொத்து போயிற்று. கவலையில் அவருடைய மனமும் பேதலித்தது.

தாயார் காரோலைன் மனம் தளரவில்லை. பெண் குழந்தைகளைத் தாமே வளர்த்தார். தாயாரின் தந்தை டாக்டர் சவுத்வுட் ஸ்மித் கை கொடுத்தார். அவர் ஏழைகளுக்கு வைத்தியம் செய்தவர். சாக்கடையும் அழுக்குத் தண்ணீரும் காற்று வராத அறையுமே காய்ச்சலுக்குக் காரணம் என்று ஓயாமல் எழுதியவர். பேத்தி இவற்றை எல்லாம் கேட்டு வளர்ந்தாள்.

ஆக்டேவியா பள்ளிக்கூடம் போனது இல்லை. தாயாரே அவளுக்கு ஆசிரியை.

பொம்மை செய்த சிறுமிகள்

1852ஆம் ஆண்டில் தாயாருக்கு லண்டனில் வேலை கிடைத்தது. பெண்களுக்குக் கைத்தொழில் கொடுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகி வேலை.

அங்கே ஏழைச் சிறுமிகள் பொம்மை வீட்டுக்கான நாற்காலி, மேஜைகளைச் செய்தார்கள். அவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு ஆக்டேவியாவிடம் வந்தது. அப்போது அவளுக்கு வயது 14தான்! வேலை வாங்குவது, கணக்கு எழுதுவது, கூலி கொடுப்பது எல்லாம் அவள்தான்.

அந்தச் சிறுமிகளின் வீடுகளுக்கு அவள் போனாள். அங்கே கண்ட காட்சி அவள் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம். வெளிச்சம் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. சுவர் எல்லாம் ஈரம். பகல் முழுவதும் பொம்மை வீட்டை அழகு செய்த சிறுமி, இரவில் படுப்பது அப்படிப்பட்ட அறையில்!

ரஸ்கின் நட்பு

அந்த நாளில் ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் இங்கிலாந்தில் பெரும் புகழோடு விளங்கினார். பிற்காலத்தில், 1904ஆம் ஆண்டு, ரெயில் பயணத்தில் காந்தியடிகள் படித்து மனம் மாறினாரே, அந்தப் புத்தகத்தை எழுதியவர் இந்த ரஸ்கின்தான்.

1853ஆம் ஆண்டில் அவருடைய அறிமுகம் ஆக்டேவியாவுக்குக் கிடைத்தது. ரஸ்கினுக்காகப் பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து நகல் வரைந்து கொடுத்தார். பல ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. சகோதரிகளுடன் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார்.

வாரம் ஒரு நாள் மாலையில், அக்கம்பக்கத்து ஏழைப் பெண்களை வீட்டுக்கு அழைத்துத் தையல் சொல்லிக் கொடுப்பார். ஒரு நாள் அப்படி வந்த ஒரு தாய் மயங்கி விழுந்தாள். விசாரித்தார் ஆக்டேவியா. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, முந்திய இரவு முழுவதும் கூலிக்குத் துணி துவைத்திருக்கிறாள் அந்தத் தாய் என்று தெரிந்தது.

அவளுக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுக்க ஆக்டேவியா தெருத்தெருவாக அலைந்தார். குழந்தை குட்டி உள்ள ஏழைக்கு யாரும் வீடு தரவில்லை.

அந்த நாளைய வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். பிணப்பெட்டி செய்து, இறுதிச் சடங்கு நடத்தித் தரும் ஒருவர் ஏழைகளுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகை நிறையப் பாக்கி நிற்குமே, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். தாம் நம்புவது வாடகையை அல்ல, அந்த வீடுகளில் விழும் சாவுகளை என்று அவர் பதில் சொன்னார்! வீடு கெட்டிருந்தால் நோய் வரும். நோய் வந்தால் சாவு வரும். சாவு வந்தால் அவருக்குத் தொழில் நடக்கும்.

இதை ஆக்டேவியா பின்னால் தம் கட்டுரையில் எழுதினார்.

மூன்று வீடுகள்

1864ஆம் ஆண்டில் ரஸ்கினின் தந்தை காலமானார். மகனுக்குப் பெரும் சொத்து வந்தது. அதைக்கொண்டு என்ன நல்ல காரியம் செய்யலாம் என்று யோசித்தார் ரஸ்கின். ஆக்டேவியா தம் மனத்தில் இருந்த திட்டத்தைச் சொன்னார்.

1865ஆம் ஆண்டில் லண்டன் மேரிலபோன் பகுதியில் மூன்று பழைய வீடுகள் குத்தகைக்கு வாங்கப்பட்டன. விலை 750 பவுன். பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். வீடுகள் இருந்த சந்தின் பெயர் பாரடைஸ் பிளேஸ். அதாவது சொர்க்கபுரி! பெயர்தான் சொர்க்கபுரி. உள்ளே போனால் நரகம். சுவரில் ஒட்டிய காகிதம் அழுக்கேறித் தொங்கியது. சாக்கடை அடைத்துக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்திருந்தன. மாடிப்படியின் கைப்பிடியைக் குடியிருந்தவர்களே பெயர்த்து அடுப்பில் வைத்துவிட்டார்கள்.

ரஸ்கின் ஒரு நிபந்தனை போட்டார். முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருமானம் வரவேண்டும். பேராசையால் அவர் இப்படிக் கேட்கவில்லை. தர்மமாகச் செய்தால் ஒருவரோடு நின்றுவிடும். நஷ்டம் இல்லை என்று தெரிந்தால் பணம் உள்ள மற்றவர்களும் முன்வருவார்கள். அதுதான் அவர் எண்ணம்.

கதவு இடுக்கில் வந்த பணம்

ஆக்டேவியாவுக்கு அப்போது வயது 26. குள்ளமான உருவம். எளிய உடை. கையில் கணக்குப் புத்தகத்துடன் தனியாக அந்தச் சந்துக்குள் நுழைந்தார். இருட்டில் தடவித் தடவி மாடி ஏறினார்.

முதலில் அவரை யாரும் நம்பவில்லை. கதவைத் திறக்காமல், இடுக்கு வழியாக வாடகையை நீட்டியவர்களும் உண்டு. அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரமும் வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

அவர் முறை மிக எளியது. குடியிருப்பவர் கடமை, வாடகையை உரிய நாளில் கொடுப்பது. வீட்டுக்காரர் கடமை, வீட்டை மனிதர் வாழத் தகுந்ததாக வைப்பது. இரண்டில் எது தவறினாலும் குற்றமே.

முதலில் தம் கடமையைச் செய்தார். சாக்கடை திறக்கப்பட்டது. தண்ணீர் வந்தது. சுவருக்கு வெள்ளை அடிக்கப்பட்டது. ஆனால், எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்கவில்லை. வாடகை ஒழுங்காக வரவர, வீடும் படிப்படியாகச் சீர்பட்டது.

மிச்சம் உங்களுக்கே!

ரிப்பேர் செலவுக்கு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கினார். கண்ணாடி உடைந்தால், கதவு பெயர்ந்தால் அந்தத் தொகையில்தான் செலவு. மிச்சம் இருந்தால்? குடியிருப்பவர்கள் கேட்கும் வசதிக்கு அது செலவாகும்! அலமாரி வேண்டுமா, அலமாரி. புதிய அடுப்பு வேண்டுமா, புதிய அடுப்பு.

அப்புறம் மாடிப்படியை யார் பெயர்ப்பார்கள்? பக்கத்து வீட்டுப் பையன் கல் எறிந்தால்கூடத் தாய்மார்களே தடுத்தார்கள்.

ஓர் அறையில் நெருக்கி வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டாவது அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். கட்டட வேலை இல்லாத காலத்தில், ரிப்பேர் வேலையைக் குடியிருந்த தொழிலாளிகளுக்கே கொடுத்தார். கூலி வாங்கிய கையால் அவர்கள் வாடகை கொடுத்தார்கள். நடைகளையும் படிகளையும் கழுவப் பெரிய பெண் குழந்தைகளுக்குக் கூலி கொடுத்தார். சிறு சேமிப்புத் திட்டமும் தொடங்கினார்.

கண்டிப்பும் உண்டு. வாடகை கொடுக்க மறுத்தவர்களையும், ஓயாத சண்டையால் அண்டை வீட்டாரை வாழவிடாதவர்களையும் வெளியேற்றினார். வாரம் ஒரு முறை வீட்டு வாசலில் வந்து நிற்கும் அதிகாரத்தை அவர் குடும்பங்களைத் திருத்தவும் பயன்படுத்தினார். இது ஏழைகளின் சொந்த வாழ்க்கையில் தலையிடுவது ஆகாதா என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், உடம்புக்கு முடியாமல் படுத்தவரின் செய்தியும், வேலை போனவரின் செய்தியும் அதே வாசலில்தான் அவருக்குக் கிடைத்தன. வேலை தேடிக் கொடுக்கவும் அவர் அலைந்தார்.

சொன்னபடி நூற்றுக்கு 5 ரஸ்கின் கைக்கு வந்தது. 1866ஆம் ஆண்டில் பிரெஷ்வாட்டர் பிளேஸ் என்ற இடத்தில் மேலும் சில வீடுகள் வாங்கினார். அங்கே குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானம் அமைந்தது. மே மாதத்தில் மலர் விழாவும் நடந்தது.

பெண்களுக்கு ஒரு தொழில்

செய்தி பரவியது. பணம் உள்ளவர்கள் வீடு வாங்கி அவரிடம் ஒப்படைத்தார்கள். 1874ஆம் ஆண்டில் அவர் பொறுப்பில் 15 குடியிருப்புகள்! சுமார் 3,000 பேர் அவற்றில் வசித்தார்கள்.

ஒருவரால் இத்தனை வாசல்களை மிதிக்க முடியுமா? பெண்களைப் பழக்கினார். முதலில் சம்பளம் இல்லாமல் தொண்டர்கள் வந்தார்கள். பிறகு சம்பளத்துக்கும் அமர்த்தினார். சாக்கடை, கூரை, கணக்கு, சட்டம் எல்லாம் அவர்கள் படித்தார்கள். அவரிடம் பழகிய எம்மா கான்ஸ் பிற்காலத்தில் லண்டன் ஓல்டு விக் நாடக அரங்கை ஏழைகளுக்காக நடத்தினார். ஹென்ரியட்டா பார்னெட் ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரை உருவாக்கினார்.

1875ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரைகள் புத்தகமாக வந்தன. அதே ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர்களில் அவரும் ஒருவர்.

துன்ப ஆண்டு

1877ஆம் ஆண்டு அவருக்குச் சோதனையாக அமைந்தது. திருமணத்துக்கு நிச்சயமாகி, அது உடனே முறிந்தது. ரஸ்கினோடும் மனத்தாங்கல் ஏற்பட்டது. ரஸ்கினின் வேறொரு திட்டம் நடைமுறைக்கு வராது என்று ஆக்டேவியா கருதினார். அது ரஸ்கின் காதுக்கு எட்டியது. அவர் தம் பத்திரிகையிலேயே ஆக்டேவியாவைத் தாக்கி எழுதினார்.

அளவுக்கு மீறிய உழைப்பும் சேர்ந்துகொண்டது. ஆக்டேவியா நோயில் விழுந்தார். வெளிநாடு சென்று ஓய்வு எடுக்க வேண்டி வந்தது. அவர் பழக்கிய பெண்கள் அந்த நேரத்தில் வீடுகளைக் கவனித்தார்கள். அவர் இல்லாமலும் அவர் முறை நடந்தது! கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாமல், திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

1884ஆம் ஆண்டில் கிறிஸ்தவ திருச்சபையின் சொத்துக்களை நிர்வகிக்கும் ஆணையாளர்கள், தென் லண்டனில் இருந்த வீடுகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். சதர்க் பகுதியில் குப்பை மேடாகக் கிடந்த ஓர் இடத்தில் 1887ஆம் ஆண்டு தோட்டம் உண்டாக்கினார். அதன் ஓரத்தில் சிறு சிறு வீடுகள் எழுந்தன. ரெட் கிராஸ் தோட்டம் என்று அதற்குப் பெயர்.

ஏழைக்கு ஓர் அறை மட்டும் போதாது, பசும்புல்லும் வானமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. பார்லிமெண்ட் ஹில் என்னும் மேட்டு நிலத்தில் கட்டடங்கள் எழாமல் தடுக்கப் பாடுபட்டார். 1889ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குச் சொந்தமானது. 1895ஆம் ஆண்டில் ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய இருவருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பை நிறுவினார். அழகிய நிலங்களையும் பழைய கட்டடங்களையும் இன்றும் காத்துவரும் அமைப்பு அது.

இடிப்பதா, காப்பதா?

பழைய வீடுகளை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். ஆக்டேவியாவின் எண்ணம் வேறு. முடிந்தவரை பழைய வீட்டைச் செப்பனிட வேண்டும் என்றார். வீட்டை இடித்தால் குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள்? புதிய கட்டடத்தின் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

அவர் பயந்தது நடந்தது. லண்டன் நகர மன்றம் ஓல்டு நிக்கல் என்ற சேரியை இடித்துவிட்டு, 1900ஆம் ஆண்டில் அழகான குடியிருப்பைத் திறந்தது. பழைய குடிகளில் அங்கே திரும்பி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களுக்குப் போய் அங்கே நெருக்கடியை அதிகமாக்கினார்கள்.

இதில் அவர் சொன்னது சரி. ஆனால், இன்னொன்றில் காலம் அவரைப் பின்பற்றவில்லை. நகர மன்றங்கள் வீடு கட்டுவதையே அவர் எதிர்த்தார். முதியோருக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுப்பதையும், பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுப்பதையும்கூட எதிர்த்தார். அரசாங்க உதவியால் ஏழையின் சுயமரியாதை கெட்டுவிடும் என்று அஞ்சினார்.

1905ஆம் ஆண்டில் ஏழைகள் சட்டத்தை ஆராய அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. அதில் ஆக்டேவியா ஓர் உறுப்பினர். பீட்ரிஸ் வெப் இன்னொரு உறுப்பினர். அந்த பீட்ரிஸ், இளமையில் ஆக்டேவியாவின் வழியிலேயே கிழக்கு லண்டனில் வாடகை வசூலித்தவர்! அங்கே கண்ட வறுமை, தனி மனிதர் தொண்டு மட்டும் போதாது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது. 1909ஆம் ஆண்டில் அறிக்கை வந்தபோது இருவரும் எதிர் எதிர் பக்கத்தில் நின்றார்கள்.

லட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீடு வேண்டும். சில ஆயிரம் பேருக்குத்தான் நல்லவர்களின் பணம் எட்டியது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர மன்றங்களே பெருமளவில் வீடு கட்டத் தொடங்கின. வீடு பெருகினால் நிர்வாகமும் வேண்டுமே! வீட்டு நிர்வாகத்தை ஒரு தொழிலாகக் கற்றுக்கொடுத்தவர் ஆக்டேவியா. அவர் வழியில் வந்த பெண்கள் 1916ஆம் ஆண்டிலேயே தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள்.

நம் ஊர் வரை

அவர் முறை கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1896ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு வீட்டு நிர்வாகச் சங்கம் ஏற்பட்டது. ஹாலந்து, ஜெர்மனி நாடுகளிலும் அவர் வழியைப் பின்பற்றினார்கள்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்திலும் 1885ஆம் ஆண்டு ஒரு சங்கம் தோன்றி, அவர் முறைப்படி ஏழைகளின் வீடுகளை நிர்வகித்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பேட்ரிக் கெடிஸ். அவர் 1914ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். மதுரை, தஞ்சை, காஞ்சிபுரம் முதலிய ஊர்களைப் பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். பழைய தெருக்களைக் கண்மூடித்தனமாக இடிக்காதீர்கள், கெட்டதை மட்டும் நீக்கி நல்லதைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் அவர் யோசனை. ஆக்டேவியா வீடுகளுக்குச் சொன்னதை கெடிஸ் ஊர்களுக்குச் சொன்னார்.

ஆடம்பரம் வேண்டாம்

1887ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியின் பொன்விழா நடந்தது. அரச குடும்பமோ, பிரபுக்களின் மனைவியரோ அல்லாமல், சொந்தத் தொண்டுக்காக அழைக்கப்பட்ட மிகச் சில பெண்களில் ஆக்டேவியாவும் ஒருவர். அதிலும் அவர் கர்வப்படவில்லை.

1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி ஆக்டேவியா காலமானார். வயது 73. அரசர்களும் கவிஞர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய முன்வந்தார்கள். குடும்பத்தார் அவர் விருப்பப்படி அதை மறுத்துவிட்டார்கள். கிராக்கம் ஹில் என்ற கிராமத்தில், சகோதரி மிராண்டாவின் பக்கத்தில் அவர் அடக்கமானார்.

பாரடைஸ் பிளேஸ் இப்போது கார்பட் பிளேஸ் என்று பெயர் மாறி இருக்கிறது. அங்கே அவர் தொண்டு தொடங்கியதைச் சொல்லும் நீல நிறப் பலகை ஒன்று சுவரில் இருக்கிறது. ரெட் கிராஸ் தோட்டத்தில் இன்றும் பூக்கள் பூக்கின்றன.

வீட்டைக் கொடுத்துவிட்டு மறந்துபோனால், சில ஆண்டுகளில் அது மறுபடியும் பாழாகும். கட்டுகிறவரின் பணி ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. காக்கிறவரின் பணி வாரந்தோறும் தொடர்கிறது. அந்த வாராந்தரப் பணியைத்தான் ஆக்டேவியா ஹில் தம் வாழ்நாள் முழுவதும் செய்தார்.